ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் பட்டமளித்தவர்

எடமலைப்பட்டி புதூரில் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவானாலும், இரத்ததான முகாமானாலும், பூப்பந்துப் போட்டியின் பரிசளிப்பானாலும் மேடையின் நடு நாற்காலி சுடலைமுத்துவுக்கு உரியது. நெடிய உருவம், முழுவதும் நரைத்தும் உதிராத தலைமுடி, ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசி வரிசைக்கு எட்டும் குரல். இவை ஒருவரிடம் அமைந்துவிட்டால் நம் ஊரில் அவர் என்ன படித்தவர், என்ன வேலை பார்த்தவர் என்று யாரும் விசாரிப்பதில்லை.

அவர் பார்த்த வேலை கௌரவமானது. இளம் வயதில் தெற்கேயிருந்து திருச்சிக்கு வந்து, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, அதன் பயிற்சிக்கூடத்தில் லேத் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராக ஓய்வு பெற்றார். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே பாதுகாப்பு வார விழா, விளையாட்டு விழா எதுவானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். மேலே படிக்கும் ஆசையும் இருந்தது. மாலைநேர டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தார். ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால் பாதியில் நின்றுவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. "சார் என்ன படிச்சிருக்கீங்க?" என்று எவரேனும் கேட்டால், "அது பெரிய கதை தம்பி" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

தலைமை தாங்க அழைப்பவரிடம் அவர் கேட்பது இடத்தையும் நேரத்தையும் மட்டுமே. எதற்கான விழா, யார் நடத்துவது என்று கேட்பது அழைத்தவரைச் சந்தேகிப்பதாகும் என்பது அவர் கொள்கை. விவரம் வேண்டுமென்றால் மேடையேறியதும் கையில் ஒரு நோட்டீஸ் தருவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே எதைப் பற்றியும் கால் மணி நேரம் பேச அவரால் முடியும். இந்தக் கொள்கை அவருக்கு மட்டும் உரியதன்று. மேடையேறும் நம்மவர்களில் பெரும்பாலோர் இவ்வாறுதான் நடந்துகொள்கிறோம். இதனால் யாருக்கும் தீங்கு வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படும்வரை நாம் அங்கே இருப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

பிலோமின்ராஜ் அவரிடம் லேத் பழகிய மாணவர்களுள் ஒருவன். அந்தத் தொழிலில் நிலைக்காமல் கம்ப்யூட்டர் சென்டர், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று சிலவற்றை நடத்திப் பார்த்துவிட்டு, தில்லைநகரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். நிறுவனத்தின் பெயரில் 'சர்வதேச' என்ற சொல் இருந்தது. அங்கே மாணவர் எவரும் வந்து படிப்பதில்லை. மலேசியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளின் சிறு தனியார் பள்ளிகளுக்கு அவன் பாடங்களை மின்னஞ்சலில் அனுப்புவான். அந்தப் பள்ளிகளே தங்கள் ஆசிரியைகளுக்குத் தேர்வு வைத்துக்கொள்ளும். ஆண்டு முடிவில் தங்க நிற முத்திரை பதித்த டிப்ளோமா இங்கிருந்து வழங்கப்படும்.

ஒரு நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல நம்ம நிகழ்ச்சி ஒண்ணு. நீங்கதான் தலைமை."

"எத்தன மணிக்குப்பா?"

"பத்தரைக்கு சார். கார் அனுப்பிடுறேன்."

"காரெல்லாம் எதுக்கு? ஒண்ணாம் நம்பர் பஸ்ல வந்துடுவேன்."

"அங்கி போட்டுக்கிட்டு பஸ்ல எப்படி சார் வருவீங்க? பட்டமளிப்பு விழா சார்."

அங்கி என்ற சொல்லைக் கேட்டதும் சுடலைமுத்து அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

விழா அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றன. பள்ளி ஆண்டு விழாக்களுக்கு மாறுவேட உடை வாடகைக்குத் தரும் கடையிலிருந்து அங்கிகள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை. மலேசியாவிலிருந்து வந்த ஆசிரியைகள் காலையில் பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் துளசியும் நெற்றியில் திருமண்ணுமாகச் சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கினார்கள். கோயிலும் பட்டமும் மலைக்கோட்டையும் ஒரே பயணத்தில் அடங்குமாறு பிலோமின்ராஜ் திட்டம் வகுத்திருந்தான். பட்டுப்புடவைக்கு மேல் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் தொப்பியைச் சரிசெய்து, அவர்கள் குழந்தைகளைப்போல் மகிழ்ந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரை சுடலைமுத்து அப்போதுதான் பார்த்தார். 'தலைமை: டாக்டர் சுடலைமுத்து, கல்வியாளர்' என்று இருந்தது.

அந்தக் கணத்தில் அவர் பிலோமின்ராஜைத் தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம். நேரமும் இருந்தது, குத்துவிளக்குக்கு எண்ணெய் வாங்க ஆள் போயிருந்தான். ஆனால் அவர் கேட்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். பேச எழுந்தபோது, தாம் எந்த மேடையிலும் தொடங்கும் விதத்தில், "கற்றறிந்த சான்றோர் நிறைந்த இச்சபையில் ஒன்றும் அறியாத எளியேனாகிய நான்" என்று தொடங்கினார். டாக்டர் ஒருவர் தம்மை இவ்வாறு தாழ்த்திக்கொள்வதைக் கேட்டு அரங்கம் நெகிழ்ந்து கைதட்டியது. உலகத் தரமான கல்வியை இந்த நிறுவனம் வழங்குகிறது என்றார். தம் வாக்கில் ஐயமிருந்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றும், எடமலைப்பட்டி புதூரில் யாரைக் கேட்டாலும் தம் வீட்டைக் காட்டுவார்கள் என்றும் சொன்னார். டிப்ளோமாவை வாங்கும்போது ஓர் இளம்பெண் கண்ணீர்விட்டபடி அவர் காலைத் தொட்டு வணங்கினாள். அவர் அவள் தலைமீது கைவைத்து ஆசி கூறினார்.

மறுநாள் புகைப்படத்தைப் பார்த்த மனைவி பொன்னுத்தாய், "எப்ப டாக்டர் ஆனீங்க? சொல்லவே இல்ல. எனக்கு ஒரு மாசமா முட்டி வலிக்குது, கொஞ்சம் பாருங்க" என்றார்.

"அது வேற டாக்டர்டி. சும்மா மரியாதைக்குப் போட்டிருக்கான்."

"மரியாதைக்கு ஐயான்னு போட்டா பத்தாதாக்கும்?"

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அடுத்த ஆண்டும் போனார். அதற்கடுத்த ஆண்டும் போனார். நிறுவனத்தின் விளம்பரத்தாளில் அவருடைய படம் முதல் பக்கத்துக்கு வந்தது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், அவர் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். டாக்டர் சுடலைமுத்து வீடு என்று கேட்டதால் ஆட்டோக்காரர் அவரை முதலில் ஓர் ஓமியோபதி மருத்துவரிடம் கொண்டுபோய் இறக்கிவிட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தபடியே உள்ளே வந்தார். பெயர் யோகேஸ்வரி. மலேசியாவில் ஈப்போ அருகே பாலர்பள்ளி நடத்துகிறவர். முதல் விழாவுக்குத் தம் ஆசிரியைகளை அழைத்து வந்தவர். ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இரு கைகளாலும் சுடலைமுத்துவிடம் நீட்டினார்.

"உங்க நேரத்த வீணாக்க மாட்டேன் ஐயா. ஒரே ஒரு உதவி. பிலோமின்ராஜ் சார் ஆபீஸுக்குப் போனேன், அவங்க கொழும்புல இருக்காங்களாம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க. சரி, நம்ம டாக்டர் ஐயா இருக்காங்களே, நேரா அவங்களையே பாத்துருவோம்னு வந்துட்டேன்."

"சொல்லுங்கம்மா. என்ன விஷயம்?"

"எங்க ஊர்ல பாலர்பள்ளி டீச்சருக்கு டிப்ளோமா இருந்தே ஆகணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நம்ம சிஜில்... அதான், சர்டிபிகேட்ட கொண்டுபோயிக் காட்டுனா, இது எங்க லிஸ்ட்லயே இல்ல, இது செல்லாதுங்கிறாங்க. மூணு டீச்சர் ஐயா. இந்த மாசத்துக்குள்ள சரியா காட்டலன்னா வேலைய விட்டு நிறுத்தச் சொல்றாங்க. இல்லன்னா என் பள்ளி பெர்மிட்டே போயிரும். அதுல ரூபிணின்னு ஒரு பொண்ணு, உங்க கையால வாங்குறப்ப அழுதுச்சே, ஞாபகம் இருக்கா?"

சுடலைமுத்துவுக்கு நினைவிருந்தது.

"அவங்களுக்குத் தெரியாம சொல்றாங்க லா. இந்தியாவுல இது அங்கீகாரம் பெற்ற படிப்புன்னு நீங்க ஒரு கடிதம் எழுதி, டாக்டர்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும். நாளைக்கு ராத்திரி எனக்கு பிளைட்."

பொன்னுத்தாய் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். சுடலைமுத்து, "ஒரு நிமிஷம்மா" என்று கைபேசியுடன் கொல்லைப்புறம் போனார். அவர் அழைத்தால் பிலோமின்ராஜ் எடுத்தான்.

"சார், நாம எங்க சார் கவர்மெண்ட் அங்கீகாரம்னு சொன்னோம்? சர்வதேசத் தரம்னுதானே போட்டிருக்கு? அவங்களா ஒண்ண நெனச்சுக்கிட்டா நாம என்ன பண்றது?"

"அந்தம்மா ஹால்ல உக்காந்திருக்காங்கப்பா."

"கேக்குறத எழுதிக் கொடுத்து அனுப்பிடுங்க சார். அங்கேருந்து எவன் வந்து விசாரிக்கப் போறான்?"

"நான் யாருன்னு கேட்டா?"

"இத்தன வருஷமா டாக்டர்னு போட்டிருக்கேன். ஒரு தடவ, ஏன்டா போட்டேன்னு கேட்டிருக்கீங்களா சார்? இப்ப மட்டும் என்ன புதுசா?"

அவன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வியந்துதான் கேட்டான். சுடலைமுத்து கைபேசியை அணைத்தார். துவைக்கும் கல்லின் அருகே சிறிது நேரம் நின்றார். ஒரு கடிதம் எழுதுவது எளிது. அந்த அம்மையார் மகிழ்ந்து போவார். அவர் ஊர் அதிகாரியும் ஒருவேளை ஏற்றுக்கொள்ளக்கூடும். ஏற்காவிட்டாலும் அது எங்கோ கடல் கடந்து நிகழும். எடமலைப்பட்டி புதூரில் எவர் காதுக்கும் எட்டாது. இவ்வளவையும் தாம் வரிசையாக எண்ணிப் பார்த்துவிட்டோம் என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே வந்து நின்றபடியே சொன்னார்.

"அம்மா, நான் டாக்டர் இல்ல. பெரிய படிப்பெல்லாம் படிச்சவன் இல்ல. இந்தக் கடிதம் எழுத எனக்குத் தகுதி கெடையாது."

யோகேஸ்வரி கை கூப்பினார். "அதான் ஐயா உங்க பெருந்தன்மை. அன்னிக்கு மேடையிலயும் ஒண்ணும் அறியாத எளியேன்னுதானே ஆரம்பிச்சீங்க? எங்க டீச்சருங்களுக்கு இன்னமும் நான் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். படிச்சவங்களுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கன்னு."

சுடலைமுத்து திகைத்தார். மேடைதோறும் அவர் சொல்லிவந்த பணிவு உண்மையின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மீண்டும் முயன்றார். "அப்படி இல்லம்மா, நெசமாவே நான் ஒண்ணும் தெரியாதவன்" என்றார். அதுவும் பணிவாகவே கேட்டது. அந்த அம்மையாரின் கண்களில் மரியாதை கூடியது.

பொன்னுத்தாய் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தார்.

"அம்மா, இவரு அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேக்டரில லேத் மெஷின் சொல்லிக்கொடுத்தவரு. டாக்டர்னு அந்தப் பையனாப் போட்டான், இவரு வாய மூடிக்கிட்டு இருந்தாரு. அவ்வளவுதான்."

யோகேஸ்வரி சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் அவர். "டிப்ளோமாவுக்குச் சேந்து பாதியில விட்டவன் நான். எங்கிட்டயே டிப்ளோமா கெடையாது. உங்க ஆபீஸர் சொன்னது சரி. அந்தப் படிப்புக்கு இங்கயும் யாரும் அங்கீகாரம் கொடுக்கல. கொடுத்தாங்களான்னு நான் கேக்கவே இல்ல."

காபி ஆடை கட்டியது.

"அப்ப, அன்னிக்கு உலகத் தரம்னு சொன்னீங்களே?"

"நோட்டீஸ்ல இருந்தது. பாத்துச் சொன்னேன்."

"நான் அதக் கேட்டுத்தானே அடுத்த பேட்ச்சுக்கு மத்தவங்ககிட்டயும் சொன்னேன்? பக்கத்துப் பள்ளிக்காரங்க ரெண்டு பேர நானே சேத்துவிட்டேன்." அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சுடலைமுத்துவுக்கு எளிதாக இருந்திருக்கும். "இத நான் போயிச் சொன்னா எங்க டீச்சருங்க நம்ப மாட்டாங்க. உங்க போட்டோவ ஆபீஸ் ரூம்ல மாட்டி வச்சிருக்கோம். நீங்களே சொல்லுங்க. நான் வீடியோ எடுத்துக்கிறேன். அதிகாரிகிட்டயும் அதத்தான் காட்டணும். ஏமாந்துட்டோம், கொஞ்சம் டைம் கொடுங்கன்னு கேக்கணும்."

சுடலைமுத்து ஒப்புக்கொண்டார். பொன்னுத்தாய் காலண்டர் இல்லாத வெற்றுச் சுவர்ப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். கைபேசி தம் முகத்துக்கு நேரே வந்ததும் சுடலைமுத்து தம்மையறியாமல் தோளை நிமிர்த்தினார், தொண்டையைச் செருமினார். "மலேசிய மண்ணில் கல்விப்பணி ஆற்றிவரும் அன்புச் சகோதரிகளுக்கு" என்று அந்தக் கணீர்க்குரல் புறப்பட்டது.

யோகேஸ்வரி கைபேசியைத் தாழ்த்தினார். "இது வேணாங்க. மேடையில பேசுற மாதிரி இருக்கு. இத யாரு நம்புவாங்க?"

அவர் 'ஐயா' என்று சொல்லவில்லை என்பதைச் சுடலைமுத்து கவனித்தார்.

மறுபடி தொடங்கினார். குரலைத் தாழ்த்த அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசிப் பழகியதெல்லாம் ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையை நோக்கியே. இம்முறையும் சொற்கள் அலங்காரமாகவே வந்தன. "இங்க பாத்துச் சொல்லுங்க, எங்கிட்ட சொல்ற மாதிரி" என்று பொன்னுத்தாய் யோகேஸ்வரியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். சுடலைமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என் பேரு சுடலைமுத்து. நான் டாக்டர் இல்ல. கல்வியாளரும் இல்ல. பேக்டரில வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவன். அந்த டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் கெடையாது. நான் எதையும் விசாரிக்காம உங்க கையில கொடுத்தேன். டாக்டர்னு போட்டிருந்தது தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பேசாம இருந்துட்டேன்."

இவ்வளவுதான். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சிறிய உரை அது. முடிந்ததும் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். யோகேஸ்வரி வீடியோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். பேருந்து நிறுத்தம்வரை வருகிறேன் என்று சுடலைமுத்து எழுந்தபோது, யோகேஸ்வரி, "வேணாம், நான் போயிக்கிறேன்" என்று பொன்னுத்தாயிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே முறையாக நடக்கும் ஒரு படிப்பில் சேர்வதாக எழுதிக்கொடுத்ததால் ஆசிரியைகளுக்கு அவகாசம் கிடைத்திருந்தது. ஆனால் ரூபிணி சேரவில்லை. மீண்டும் முதலிலிருந்து படிக்க முடியாது என்று சொல்லி, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குப் போய்விட்டாள். செய்தி அவ்வளவே. வாழ்த்தோ வசையோ அதில் இல்லை. சுடலைமுத்து அதைப் பலமுறை படித்தார். ஆசி பெறக் குனிந்தபோது அந்தப் பெண்ணின் தொப்பி சரிந்ததும், தாம் அதை எடுத்து வைத்ததும் அவர் நினைவுக்கு வந்தன.

அந்த வீடியோ ஒரு பள்ளியோடு நிற்கவில்லை. ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் பரவி, கைலாசபுரத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களின் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே எவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. யாரோ ஒருவர் உடனே காலை வணக்கப் படம் ஒன்றைப் போட்டு அதை மேலே தள்ளிவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பஷீர் அகமது மட்டும் நேரில் வந்து, வெயிலைப் பற்றியும் சாக்கடை அடைப்பைப் பற்றியும் பேசிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, "விடுங்க சார், நம்ம ஊர்ல யாருதான் கேக்குறாங்க" என்றார். ஆறுதலாகச் சொன்ன அந்தச் சொல்லைச் சுடலைமுத்துவால் அன்றிரவு முழுவதும் விழுங்க முடியவில்லை.

பிலோமின்ராஜ் தன் அலுவலகப் பலகையைக் கழற்றவில்லை. விளம்பரத்தாளின் முதல் பக்கத்தில் இப்போது வேறொருவரின் படம் இருக்கிறது. எனினும் சுடலைமுத்துவின் படமும் கைபேசி எண்ணும் உள்ள பழைய தாள்கள் எத்தனையோ பள்ளிகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வீடியோவைப் பார்த்தவர்கள் நம்பமாட்டாமலும், பார்க்காதவர்கள் சேர்க்கை பற்றிக் கேட்கவும் அவரையே அழைக்கிறார்கள். வெளிநாட்டு எண்களாகவே வருகின்றன. சிலர் திட்டுகிறார்கள். சிலர் வீடியோவே போலி, போட்டி நிறுவனம் செய்த சதி என்று அவருக்கே ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களிடம் பேசுவதுதான் அவருக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

"நம்பர மாத்துங்களேன். இல்ல, எடுக்காமயாவது இருங்க" என்கிறார் பொன்னுத்தாய்.

"எடுக்கலன்னா அவன்கிட்டதான்டி கேப்பாங்க" என்கிறார் அவர்.

நேற்று மாலை அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல். பின்னணியில் சிறு குழந்தைகள் பாடும் சத்தம்.

"வணக்கம். டாக்டர் சுடலைமுத்து ஐயாவோட பேசலாமா?"

"டாக்டர் யாரும் இல்லம்மா இங்க. நான் சுடலைமுத்து. பணம் எதுவும் கட்டிட்டீங்களா?"

"இல்ல ஐயா, நாளைக்குத்தான் கட்டலாம்னு..."

"கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்குமா உங்களுக்கு?"